குமிழி விட்ட வயல்

"எல்லார் வயலும் மாறியாச்சு. நம்ம வயல் மட்டும்தான் கால் வெச்ச இடமெல்லாம் குமிழி விடுது. வரப்புல நடக்கவே வெட்கமா இருக்குங்க!"

மனைவி பொரிந்து தள்ளினாள். கணவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "குமிழிதானே, கடிக்கவா போகுது?" என்றார்.

கடிக்காதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் மீத்தேன் வாயு பூமியின் சூட்டை ஏற்றிவிடும் என்று ஊசிக்காரம்மா சொல்லியிருந்தாள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாராவாரம் வருகிறவள் அவள். நெற்பயிர்மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் போவதால் அந்தப் பெயர். வைக்கோலைப் பச்சையாகச் சேற்றில் உழுது யூரியாவைக் கொட்டினால் வாயு அதிகமாம். வைக்கோலை மக்கவைத்து, அம்மோனியம் சல்பேட் போட்டால் குறையுமாம். மழை தப்பித் தப்பிப் பெய்வதில் நொந்து போயிருந்த மனைவிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது.

நடவுக்கு முன்னால் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். "யாரெல்லாம் புது முறைக்கு மாறுறீங்க?" என்று ஊசிக்காரம்மா கேட்டு வாய் மூடவில்லை, முதல் ஆளாக எழுந்தார் கணவர்.

"என்னால முடியாது. எனக்குப் பழைய வழிதான்."

அடுத்த நொடி மனைவியின் அண்ணன் எழுந்தார். "மாப்பிள்ளை ஒரு பழைய பஞ்சாங்கம், விடுங்கம்மா. நான் மாத்துறேன். நான் மாத்தினா என் பின்னாடி பதினோரு பேர் மாத்துவாங்க!"

சொன்னபடியே பன்னிரண்டு வயல்களும் மாறின. அதிலிருந்து அண்ணனின் நக்கல் தாங்க முடியவில்லை. "மாப்பிள்ளை, உங்க வயல்ல ஒரு தீக்குச்சி கிழிச்சா சமையலே முடிச்சிடலாம் போல!" கணவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மனைவிக்குத்தான் முகம் தொங்கிப்போகும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் காலை அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கூடை மக்கிய உரத்தைச் சுமந்து வந்தாள். வயலில் வீசப்போன கையைக் கணவர் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பிடிகூட இதுல விழக்கூடாது."

"என் அண்ணன் குடுத்ததுன்னா அவ்வளவு கசக்குதா? கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் எலியும் பூனையும். நடுவுல கிடந்து அல்லாடுறது நான்!"

அவர் கூடையை வாங்கித் தாமே சுமந்துபோய் அண்ணன் வயலிலேயே கொட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை.

அறுவடை முடிந்து மறுபடியும் கூட்டம்.

"மாத்தின வயல்கள்ல வாயு பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. விளைச்சல் ஒரு மூட்டைகூடக் குறையல. அடுத்து பக்கத்து ஊர்கள்லயும் ஆரம்பிக்கிறோம்" என்றாள் ஊசிக்காரம்மா.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. "இனிமே செத்தாலும் நான் பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன்!" என்று அண்ணன் மேசையைத் தட்டினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கணவர் சாவதானமாகச் சொன்னார்: "மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி வைக்கோலைக் குவிச்சு மக்கப் போடணும். அடுத்த போகம் நாமளும் மாறுறோம்."

அவள் நின்றுவிட்டாள். "இப்ப வந்த புத்தி அப்பவே வந்திருக்கக் கூடாதா? ஊரே சிரிச்சுதே!"

"அப்பவே வந்துடுச்சு. கூட்டத்துக்கு முதல் நாளே ஊசிக்காரம்மா எனக்கு எல்லாத்தையும் விளக்கிட்டாங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வயல் பழையபடியே இருக்கணும்னும் சொன்னாங்க."

"அதை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, சரின்னு தலையாட்டியிருக்கலாமே?"

கணவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"உன் அண்ணனை எனக்குத் தெரியாதா? நான் 'சரி'ன்னிருந்தா ஒரு வயல்கூட மாறியிருக்காது. 'முடியாது'ன்னேன்... பன்னிரண்டும் மாறிடுச்சு!"