மாட்டுக்குத் தக்காளி

"மாட்டுக்குத்தானே தாயி?" என்று கேட்டபடி, கடைக்காரர் சீனிச்சாமி அழுகல் தக்காளிக் கூடையைக் காலால் தள்ளிவிட்டார்.

"மாட்டுக்குத்தாண்ணே," என்றாள் திலகவதி. தக்காளி கிலோ நூற்றிருபதைத் தொட்டதிலிருந்து இந்தப் பொய்தான். ஒண்டுக்குடித்தனத்தில் மாடு நிற்க இடம் ஏது? வெட்டிக் கழித்தால் ரசத்துக்குத் தேறும். விரல் பட்டதும் தோல் கழன்று, சளியைப் போல உள்ளங்கையில் வழிந்தது. புளித்த நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே பொறுக்கினாள்.

கூடைக்குள் இன்னொரு கை நுழைந்தது. மாடிவீட்டு வாத்தியார் மனைவி கோமதி.

"நீங்களுமாக்கா?"

"எங்க தம்பி வீட்டு மாட்டுக்குடி."

இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

"இன்னியிலேர்ந்து இதுவும் கிலோ இருபது ரூவா," என்றார் சீனிச்சாமி. "ஊர்ல மாடு பெருத்துப்போச்சு."

அடியில் ஒரே ஒரு பழம் முக்கால்வாசி நன்றாக இருந்தது. அதன் மேல் ஊர்ந்த புழுவைச் சுண்டிவிட்டு இரண்டு கைகளும் ஒன்றாகப் பற்றின.

"மாட்டுக்கு எதுக்குக்கா நல்ல பழம்?" என்று பல்லைக் கடித்தாள் திலகவதி.

"உன் மாட்டுக்கு மட்டும் எதுக்குடி?"

யாரும் விடவில்லை. பழம் நசுங்கி இருவர் விரலிடுக்கிலும் பிதுங்கியது.