நூற்று ஏழாம் நாள் சாப்பாடு

நிலவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் விண்கலம் கிளம்பிய நிமிடத்திலேயே தீப்பிடித்தது. எங்கள் ஊர்மேல் விழ இருந்ததை, ஓட்டிக்கொண்டிருந்த என் அக்கா முத்துநகை கடல்பக்கம் திருப்பினாள். ஊர் பிழைத்தது. அக்கா போய்விட்டாள்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்கும் அம்மாவுக்கும் ஊரே முறைவைத்துச் சோறு கொண்டுவந்தது, நாளுக்கு ஒரு வீடு. பதினாறாம் நாளோடு போதும் என்றேன். "நாங்க உசுரோட இருக்கோம்ல, தம்பி" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

நூற்று ஏழாம் நாள் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றவன் ஜெயசீலன். விண்கலத்தைக் கடைசியாகச் சோதித்து, போகலாம் என்று கையெழுத்துப் போட்டவன். ஊரில் யாரும் அவனோடு பேசுவதில்லை.

"எங்க வீட்டு முறை வந்துருச்சும்மா. நானே சமைச்சேன்" என்றான், தலை நிமிராமல்.

நான் கதவைச் சாத்தப் போனேன். அம்மா என்னை விலக்கிவிட்டுத் தூக்குச்சட்டியை வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து, பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். அவன் போகாமல் நின்றான்.

"குழம்புல உப்பு பத்தலப்பா" என்றாள் அம்மா. "அடுத்த சுத்துல உன் முறை வரும்போது பாத்துப் போடு."