ரூபி உட்கார்ந்த இடம்

“சோணையண்ணே, துணிமணிய எங்க பை ஒண்ணுல மாத்திக்கிறீகளா? கப்பல்ல ஏறப்போறவுக இப்பிடியா ஒரு காக்கிப் பையத் தூக்கிட்டு வருவீக?” என்றார் காசிவிஸ்வநாதன்.

“ஜிப்பு வச்ச பைய நான் நம்புறதில்ல செட்டியாரே. பாதி வழியில வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்.”

சென்னைத் துறைமுகத்தில், உல்லாசக் கப்பலுக்கான வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். காரைக்குடியிலிருந்து ஒரே வேனில் வந்த கூட்டம் அது. கீழச்சிவல்பட்டி காசிவிஸ்வநாதனுக்கும் அவர் மனைவி மீனாள் ஆச்சிக்கும், காளையார்கோவில் பக்கத்து ஆளான சோணையோடு வேனில்தான் பழக்கம்.

எழுபது வயதுச் சோணை வழிநெடுக ஒன்றையும் நம்பவில்லை. டிரைவரை நம்பாமல் விடிய விடிய விழித்திருந்தார். பாட்டில் தண்ணீரை நம்பாமல் மோந்து பார்த்துக் குடித்தார். பிறகு எதை நம்பிக் கப்பலுக்கு வந்தீர்கள் என்று ஆச்சி கேட்டதற்கு மட்டும் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

“எம்புள்ள எடுத்துக் குடுத்த டிக்கெட்டு. கவர்மெண்டு உத்தியோகம்.”

நடுக்கடலில் நின்று நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக ஊரில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அப்படி ஒரு மகன் எல்லாருக்கும் வாய்க்குமா என்று ஆச்சி இரண்டு தரம் பெருமூச்சு விட்டாயிற்று.

மோப்ப நாய் வந்தது. கறுப்பு லாப்ரடார். கயிற்றைப் பிடித்து வந்தவள் பாதுகாப்புப் படை உடுப்பில் ஒரு பெண், முப்பதுக்குள்தான் இருக்கும். பைகளைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ஆச்சி புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். கப்பல் சாப்பாட்டை நம்பாமல் பையின் அடியில் உப்புக்கண்டம் ஒளித்து வைத்திருந்தாள். நாய் அந்தப் பையை ஒரு தரம் மோந்துவிட்டு, தனக்கு ஆகவேண்டியது ஒன்றும் அங்கே இல்லை என்பதுபோல நகர்ந்தது. ஆச்சிக்குப் போன உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

“ஆட்டுக்கறி வாசமே தெரியல. இது எங்கிட்டு குண்டக் கண்டுபிடிக்கப் போகுது?”

“கறி தேடுறது அதுக்கு வேலையில்ல ஆச்சி” என்றார் சோணை வெடுக்கென்று. “கறியப் பாத்து நிக்கிற நாய்க்கு உடுப்புக்காரவுக எதுக்குச் சோறு போடணும்?”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. நாய் காக்கிப் பையிடம் வந்தது. மேலே மோந்தது. மூலையை மோந்தது. குரைக்கவில்லை, பிராண்டவில்லை. பைக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தது.

அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். நாயை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு மறுபடி அழைத்து வந்தாள். அது மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

“இந்தப் பை யாருது?”

“எம்பைதான்.”

“அங்க தள்ளி வந்து நில்லுங்க, ஐயா.”

அதிகாரி வந்தார். அவரிடம் அவள் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். அவர் சோணையை ஏற இறங்கப் பார்த்தார். கோள் மூட்டுகிறாள் பாருங்கள் என்று ஆச்சி புருஷன் காதைக் கடித்தாள். அதன்பிறகு அந்தப் பெண் விலகிக்கொள்ள, வேறு இரண்டு பேர் கையுறை மாட்டிக்கொண்டு பையைத் திறந்தார்கள். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, திருநீற்றுப் பொட்டலம். அவ்வளவுதான். முன்னே இதில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார் அதிகாரி.

“மருந்து.”

“சுகருக்கா?”

“வேட்டு மருந்துய்யா.”

ஊர்க் கோயிலுக்கு வேட்டுப் போடுவது சோணை குடும்பத்து வேலை. பங்குனித் திருவிழாவுக்கு மருந்து சுமந்த பை அது. சோப்புப் போட்டு, இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைத்திருந்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பையை மேலும் சோதிக்க வேண்டும், ஊர்ப் போலீசில் விசாரிக்க வேண்டும் என்றார். கப்பலின் கதவை மூட அரை மணிதான் இருந்தது.

காசிவிஸ்வநாதன் நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

“தாயி, வெவரந் தெரியாத மனுசன். இந்த வயசுல மொத மொதக் கப்பல் ஏற வந்துருக்காரு. நீ ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாக.”

அவள் நாயின் தலையைத் தடவியபடியே இருந்தாள், நிமிரவில்லை. “ரூபி உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான், சார். யாரா இருந்தாலும் சோதனை முடியணும்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோணைக்கும் அது கேட்டது.

கடைசி அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. ஊரிலிருந்து பதில் வரவில்லை. வேனில் வந்த மற்றவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. பெஞ்சுப் பக்கம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க மகன் ஆசையா அனுப்பி வச்சும் இப்பிடி ஆயிப்போச்சே.” பிறகு அந்தப் பெண்ணின் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தினாள். “கல்லு நெஞ்சுக்காரி. இதெல்லாம் பெத்தவனுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்துமா?”

அவள் திரும்பிப் பார்க்காமல் நாயோடு அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நடையைச் சோணை கண் கொட்டாமல் பார்த்தார். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது.

“ஊத்தும் ஆச்சி. எனக்கு மகன் கெடையாது. எனக்குக் கப்பல் டிக்கெட்டு எடுத்துக் குடுத்ததே அந்தப் புள்ளதான்.”