கூடவே வந்த தாளம்

பாட்டு முடிந்ததும் பல்கலைக்கழக அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்ற புவனேஸ்வரிக்கு மட்டும், அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் தன் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. அவள் ஒரு எழுத்துகூடப் பாடவில்லை.

கமலாட்சி அம்மாள் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டு மருமகள் ஜாஸ் பாடுவார் என்றால் காஞ்சிபுரத்தில் யார் நம்புவார்கள்? அவர் பாடினார். மாணவர்களைச் சேர்த்து ஒரு ஜாஸ் குழுவையே உண்டாக்கிவிட்டு, போன வருஷம் கண்ணை மூடினார். இசை படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அவர் பெயரில் உதவித்தொகை கொடுக்கத்தான் இன்றைய கச்சேரி.

கடைசிப் பாட்டு, அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டது. அதைப் பாட அரக்கோணத்துப் பெண் புவனேஸ்வரியை விட்டால் ஆளில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் போஸ்டரில் அவள் படத்தையே போட்டுவிட்டார். இன்றைக்கென்று பார்த்து மத்தியானம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு, எதற்கும் அது மசியவில்லை.

"சார்கிட்ட சொல்லிடலாம்பா," என்றாள் கலீமிடம். பாதி வெறும் காற்றாக வந்தது.

கலீம் சென்னைப் பையன், குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவன். "சொல்லி? இந்தப் பாட்டக் கேக்கத்தான் ஜனம் வந்துக்கினு இருக்குது," என்றபடி லேப்டாப்பைத் திறந்தான்.

ஒத்திகை அறை அலமாரியில் கிடைத்த ஒரு பழைய கேசட்டை அவர்கள் அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். 'வீட்டில் பாடிப் பார்த்தது' என்று மேலே கமலாட்சி அம்மாளின் கையெழுத்து. புவனேஸ்வரி அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டதே அதைக் கேட்டுத்தான். அதில் வாத்தியம் எதுவும் கிடையாது. குரல் மட்டும், அதற்குப் பின்னால் சன்னமாகக் கடக், கடக் என்று ஒரு சத்தம்.

"மேசையத் தட்டித் தாளம் போட்டிருக்காங்க போல. நான் அதும் மேலயே ட்ரம்ஸ் வாசிச்சா மறைஞ்சிடும். நீ வாய மட்டும் அசை, போதும்."

"அவங்க வீட்டுக்காரர் வராரு கலீம்."

"பெரியவருக்கு ஒரு காது கேக்கவே கேக்காது. இன்னொண்ணும் அரைகொறைதான். நீ போய் ரெடியாவு."

சாக்ஸபோன் வாசிக்கிறவனுக்குக்கூட அவர்கள் மூச்சு விடவில்லை.

அந்த அரைகுறைக் காதுக்காரர் வேணுகோபால், முன்வரிசையின் நடுவில் மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்து முதல் வரி எழுந்ததுமே நிமிர்ந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தது.

பாவம், தாளம் போடுகிறார் என்று நினைத்தாள் புவனேஸ்வரி. வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன மனுஷியின் குரலைத் திருடி, அவள் புருஷனுக்கே என் குரல் என்று காட்டுகிறோமே, இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? அந்தப் பெரியவர் இருக்கிற பக்கமே பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். கண் அங்கேயேதான் போனது.

கைதட்டல் ஓய்ந்ததும் சீனிவாசன் இன்னொரு மைக்கைப் பிடித்தார். "கமலாட்சி அம்மாவே வந்து பாடின மாதிரி இருந்துச்சு. புவனேஸ்வரிக்கு அவங்க கணவர் மரியாதை செய்வாரு," என்றார்.

வேணுகோபால் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, பையிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப் புடவையை எடுத்தார். மடிப்புக் கலையாத புடவை. அவர் கண் ஈரமாக இருந்தது.

"அவ கட்டாமயே வெச்சிருந்தது. நீ கட்டிக்கோ கண்ணு."

புடவை கைக்கு வந்ததும் அவளுக்குத் தணலைப் பிடித்த மாதிரி சுட்டது. ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து கலீம், வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு எந்தக் கண்ணாடி முன்னால் நிற்பது?

மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அவர் காதோடு குனிந்தாள்.

"ஐயா, இது எனக்கு வேணாம். நான் பாடல. அம்மா பாடுன பழைய கேசட்டப் போட்டுட்டு வாய மட்டும் அசைச்சேன். என்ன மன்னிச்சிடுங்க."

தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி வந்தது குரல். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வேணுகோபால் கோபிப்பார், புடவையைப் பிடுங்குவார், எல்லோருக்கும் கேட்கும்படி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். அவரோ நழுவின புடவையை எடுத்து, மறுபடியும் அவள் கையிலேயே வைத்து, தன் இரண்டு கையாலும் மூடினார்.

"தெரியும்மா," என்றார். "கூடவே கடக் கடக்னு கேட்டுதே, அது என் தறி."