மூன்று வெட்டு

"ஹெலன் அக்கா, அத கீழ போடு. கேமரா பாக்குது."

ஜெனிபர் உதட்டை அசைக்காமல் சொன்னாள். ஹெலன் போடவில்லை. கை வரவில்லை.

காட்டுப்பள்ளி துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வருகிற வெளிநாட்டுப் பழந்துணியைப் பிரித்துப் போடும் கம்பெனி அது. கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டையின் கடைசி ஷெட். கோட்டோ பாவாடையோ, எது வந்தாலும், மறுபடி யாரும் உடுத்தவோ விற்கவோ முடியாதபடி கத்திரியால் மூன்று வெட்டு வெட்டித்தான் தள்ளவேண்டும். வெட்டாத துணி கேட்டைத் தாண்டக்கூடாது. போன மாதம் ஒரு ஸ்வெட்டரை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பிய செல்வி, கேட்டோடு போனவள்தான். மறுபடி உள்ளே வரவில்லை.

ஹெலன் கையில் இருந்தது ஒரு நீள கவுன். பாசிப்பச்சைப் பட்டு. கழுத்திலிருந்து இடுப்புவரை பொடிப்பொடியாகக் கறுப்பு மணி.

"லேபிள்ல இன்னாடி எழுதிகீது?"

"ரோமா... இட்டாலியா. ரொம்பப் பழசுக்கா. ஜிப்பப் பாரு, இரும்புல."

ஹெலன் உள்பக்கத்தைத் திருப்பினாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருஷம் மிஷின் மிதித்தவள்.

"மிஷினே படல ஜெனி. முச்சூடும் கைத்தையல். தையலுக்கு உள்ள ரெண்டு வெரக்கட துணி வுட்டு வச்சிகீறான் பாரு. கடையில தொங்கினது இல்ல இது. எவளோ ஒரு மகராசிக்கு அளவெடுத்துத் தச்சது."

சொல்லும்போதே மகள் சோனியா கண் முன்னால் வந்து நின்றாள். அடுத்த மாதம் கல்யாணம். ரிசப்ஷனுக்குப் பெண் கவுனில்தான் நிற்கவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே பிடி. "உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்களே எடுத்துக்கினு வர்றோம்" என்று அவர்கள் சொன்ன தோரணையில், சோனியாவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"மூட்டைக்கு அடியில தள்ளிட்டா, நாளைக்கு..."

"நாளைக்கு இன்னா?"

பின்னால் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம்.

பக்கத்து மேஜைகளில் கத்திரிகள் நின்றன.

"இன்னா ஹெலனம்மா, ஜவுளிக்கடை பொம்மையாட்டம் புடிச்சிக்கினு நிக்கிற? பொண்ணுக்குப் பாக்கிறியா?"

கல்யாணம் அவருக்குத் தெரியும். ஹெலன் நாலு நாள் லீவு கேட்டபோது, "தாலி கட்டப்போறது மாப்பிள்ள. உனக்கு எதுக்கு நாலு நாளு?" என்று ஒரு நாளாக்கிய மனுஷன்.

"சார், இந்த ஒண்ண மட்டும் வுட்டுடுங்க சார். மொதலாளிகிட்ட நானே கேட்டுக்கிறேன்."

"மொதலாளி பாத்துக்கினுதான் கீறாரு." அண்ணாந்து கேமராவைக் காட்டினார். "வெட்டு."

"என்னால முடியாது சார்."

"முடியலன்னா ஐடி கார்டக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பு."

கார்டு போனால் கல்யாணமும் போகும். ஹெலன் கத்திரியை எடுத்தாள். முனை பட்டின் மேலேயே நின்றது.

"குடு இங்க!"

இரண்டையும் பிடுங்கினார் ராஜமாணிக்கம். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கறுக். கொஞ்சம் இடைவெளி. கறுக். மறுபடி இடைவெளி.

எந்தத் துணியானாலும் மூன்றே இழுப்பில் கந்தலாக்குகிற ஆள். இதை மட்டும் இழுத்து இழுத்து வெட்டுகிறான். பெற்றவள் வயிறு எரிவதை நின்று ரசிக்கிறான் பாவி.

"ஒண்ணு" என்றார், ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி.

கறுக். கறுக்.

"ரெண்டு."

ஜெனிபர் மூக்கை உறிஞ்சினாள்.

"மூணு."

கவுனைப் பந்தாகச் சுருட்டி ஹெலன் மேல் எறிந்தார்.

"வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கந்தல் எடுத்துக்கலாம் இல்ல? இந்தா, அடுப்புத் தொடைக்க எடுத்துக்கினு போ."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹெலன் அதைப் பார்க்காமலே பைக்குள் திணித்தாள். கேட்டில் செக்யூரிட்டி வெளியே இழுத்தான், வாயைப் பிளந்திருந்த வெட்டுகளைக் கேமராவுக்குக் காட்டினான், திருப்பித் திணித்தான்.

கம்பெனி பஸ் பொன்னேரியைத் தாண்டியது. ஹெலன் வாய்விட்டே சொன்னாள்.

"கர்த்தாவே, அந்தக் கை வெளங்காமப் போவட்டும்."

"ஆமென்" என்றாள் ஜெனிபர்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது சோனியா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடி முழுக்கப் பச்சைப் பட்டு.

"எம்மா, இத யாரு பிரிச்சது?"

"பிரிக்கல. வெட்டிட்டான் அந்தக் கடங்காரன்."

"வெட்டலம்மா. இங்க வந்து பாரேன்."

ஹெலன் டியூப்லைட்டுக்கு அடியில் விரித்தாள். தோளில் ஒன்று. இடுப்பில் ஒன்று. பக்கவாட்டில் முழங்கால்வரை ஒன்று. மூன்றின் மேலும் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

பட்டில் ஒரு கீறல் இல்லை. ஒரு மணி உதிரவில்லை. கத்திரி மூன்று இடத்திலும் தையல் மேலேயே நடந்து, நூலை மட்டும் அறுத்திருந்தது. உள்ளே விட்டிருந்த ரெண்டு விரற்கடைத் துணி அப்படியே இருந்தது, மறுபடி ஊசி ஏறுவதற்குத் தயாராக.

"யாரும்மா அந்த டெய்லரு?" என்றாள் சோனியா.

ஹெலன் சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தின் பக்கம் திரும்பி, அவசர அவசரமாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, பஸ்ல நான் சொன்னதக் காதுல போட்டுக்காதீங்கப்பா. ஜெனி சொன்ன ஆமெனையும்."