காவல் கிளை

இலந்தைப் புதரின் தவிட்டுக்குருவிகளில் ஒன்று எப்போதும் கிளையில் காவலிருந்து, "பயமில்லை, பயமில்லை" என்று கத்தும். மற்றவை குனிந்து புழு பொறுக்கும். சாம்பி என்ற குருவி மட்டும் தன் முறை வந்தால் கீழே தின்றுகொண்டே கத்தும். அதன் பிள்ளைகளும் அப்படியே பழகின. அவற்றின் காவலில் வல்லூறு இரண்டு குருவிகளைத் தூக்கியதும் மற்ற குடும்பங்கள் பக்கத்துப் புதருக்குப் போய்விட்டன.

அன்றிலிருந்து சாம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாய் தின்னும், சுற்றிப் பார்க்கும்.

ஒருநாள் பக்கத்துப் புதரின் காவல் குரல் சட்டென்று நின்றது. புல்மேல் நிழல் ஓடியது. சாம்பி பதறிக் கத்தியது:

"டேய், மேல யாருடா இருக்கீங்க?"

"பயமில்லைப்பா, பயமில்லை!" என்றன பிள்ளைகள், வாய் நிறையப் புழுவோடு, தலையே நிமிராமல்.