மழை பெய்த நாள்

“ஆமான்னா கொழுந்து பறிக்கிற மாதிரி நெனைங்கம்மா. இல்லைன்னா உங்க வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி நெனைங்க.”

ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ராசகுமாரியிடம் மைக்கில் சொன்னார் டொக்டர் தர்ஷிகா. விபத்துக்குப் பிறகு அவள் கண் திறந்தாளே தவிர, யாரையும் பார்க்கவில்லை, பேசவுமில்லை. உள்ளே சுயநினைவு இருக்கிறதா என்று அறியும் சோதனை இது.

“பதில் தெரிஞ்ச கேள்வியா கேளுங்க ஐயா.”

கணவர் செல்லமுத்து மைக்கை வாங்கினார். “ஏம்புள்ள, புசல்லாவ பஸ் ஸ்டாண்டுல ஒன்னய மொதமொத பாத்தப்ப மழை பேஞ்சுச்சுல்ல?” டொக்டரிடம் திரும்பினார். “கொட்டுற மழைங்க. என் கறுப்புக் குடைக்குள்ளதான் நின்னா. அப்புடித்தான் பழக்கமாச்சு.”

திரையில் தெரிந்த மூளைப் படத்தில், வீட்டுக்குள் நடக்கும் நினைப்புக்கான இடம் ஒளிர்ந்தது. தர்ஷிகாவின் முகம் வாடியது.

“இல்லைன்னு வருதுங்கய்யா. பதில் பிழை. தற்செயலாவும் ஒளிர்ந்திருக்கலாம். இதை வச்சு நினைவிருக்குன்னு சொல்ல முடியாது.”

செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“கல்யாணமான நாள்லேருந்து இதே சண்டைதான் டொக்டர். அன்னைக்கு வெயில்தான் அடிச்சுச்சாம். பேச்சுக் குடுக்கிறதுக்காக நான்தான் குடைய விரிச்சேனாம்.”

மறுபடியும் மைக்கின் பக்கம் குனிந்தார்.

“சரி புள்ள, மழை பெய்யல.”